கழிவறை வாசலில் இயக்குநர் நாற்காலி

மெத்தை செய்வது பொறுப்புள்ள தொழில். மனிதன் தன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கை மெத்தையில்தான் கழிக்கிறான் என்று எங்கள் கம்பெனியின் ஆண்டறிக்கை ஒவ்வொரு வருஷமும் முதல் பக்கத்தில் சொல்லும். மீதி இரண்டு பங்கை அவன் எங்கே கொண்டுபோய்த் தொலைக்கிறான் என்பது பற்றி அறிக்கைக்கு அக்கறை இல்லை.

எங்கள் கம்பெனி என்றதும் என்னை முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். நான் பங்குதாரன். கையில் கொஞ்சம் பங்குகளை வைத்துக்கொண்டு, பொதுக்கூட்டத்துக்குப் போய், பின்வரிசையில் உட்கார்ந்து, முன்வரிசை கைதட்டும்போது கைதட்டிவிட்டு வருகிற ஜாதி. உள்ளே நடப்பது எனக்குத் தெரிவதற்குக் காரணம், கம்பெனியின் செயலாளர் என் சகலை. இயக்குநர் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதிவைப்பது அவருடைய உத்தியோகம். யார் என்ன பேசியிருக்க வேண்டுமோ அதை எழுதுவதற்குத்தான் சம்பளம்.

இயக்குநர் குழுவில் நாலு பேர். தலைவர், தலைவருடைய மைத்துனர், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர், தலைவரோடு படித்த பல் டாக்டர் ஒருவர். கடைசி இரண்டு பேரும் சட்டப்படி சுயேச்சை இயக்குநர்கள். அதாவது, தலைவர் சொல்வதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தாமாகவே ஒப்புக்கொள்ளும் உரிமை பெற்றவர்கள்.

தலைவருக்குச் சர்க்கரை வியாதி. கூட்டத்தின் நடுவே அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். தலைவர் எழுந்து போகும்போது நாம் உட்கார்ந்திருப்பது மரியாதையா என்று மற்றவர்களும் எழுந்து பின்னாலேயே போனார்கள். போன இடத்தில் சும்மா நிற்க முடியுமா? பேசினார்கள். பேசிப் பேசி, நாலாவது மாடியில் இருந்த ஆண்கள் கழிவறையே கம்பெனியின் மூளையாகிவிட்டது. புதுக் கடை திறப்பது, விலையை ஏற்றுவது, வேண்டாத ஆளை வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அங்கேதான், வெள்ளைப் பீங்கான்களுக்கு முன்னால் வரிசையாக நின்று, சுவரைப் பார்த்தபடி தீர்மானமாகும். சுவரைப் பார்த்துப் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு கூட்ட அறைக்குத் திரும்பி பிஸ்கட் தின்பார்கள். என் சகலை, 'நீண்ட விவாதத்திற்குப் பின் முடிவு செய்யப்பட்டது' என்று எழுதுவார். அவரும் உள்ளே நின்றுதான் குறிப்பு எடுப்பார். எந்தக் கையால் எடுப்பார் என்று நான் கேட்டதில்லை.

இப்படிக் கம்பெனி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருந்தே தீர வேண்டும்.

தலைவர் ஆடிப்போய்விட்டார். உடனே ஆலோசகரை வரவழைத்தார். ஆலோசகர் பளபளவென்று ஷூ போட்டிருந்தார், உள்ளே சாக்ஸ் இல்லை. அதுதான் இப்போது நாகரிகமாம். சாக்ஸ் போடாத ஆலோசகருக்குக் கட்டணம் அதிகம்.

"எதுக்கு சார் கவலைப்படறீங்க? இது தொல்லை இல்ல, யோகம்" என்றார் ஆலோசகர். "குழுவுல ஒரு பொம்பளை இருக்கிற கம்பெனிக்கெல்லாம் லாபம் ஏறுதுன்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க." சுவரில் ஒரு படத்தைப் போட்டார். அதில் ஒரு கோடு இடது கோடியில் கீழே கிடந்து, வலது கோடியில் மேலே போயிருந்தது.

"ஏன் ஏறுது?" என்றார் தலைவர்.

"அதை ஆராய்ச்சியில சொல்லல சார். ஏறுது. அவ்வளவுதான்."

"அந்தப் பொம்பளை என்ன செய்யணும்?"

"இருக்கணும்."

"பேசணுமா?"

ஆலோசகர் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "பேசினதா கோட்டுல தெரியல சார்."

பல் டாக்டர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சந்தேகம். பொம்பளைய சேர்த்ததால லாபம் வந்துச்சா, இல்ல லாபம் வந்த கம்பெனிங்கதான் பொம்பளைய சேர்த்துக்கிச்சா?"

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா கேட்டேன்" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் வாயைத் திறக்கவில்லை.

பெண்ணுக்கு எங்கே போவது? வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று தலைவர் முதலில் மனைவியிடம் கேட்டார். "வீட்டுல நீங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது பத்தாதா? அங்கேயும் வரணுமா?" என்று அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்து இருந்தது மருமகள்.

மருமகள் ஒரு வங்கியில் நல்ல பதவியில் இருந்தவள். கடன் கேட்டு வரும் கம்பெனிகளைத் துருவிப் பார்த்து, எது தேறும், எது கவிழும் என்று சொல்வது அவளுடைய வேலை. "அந்த வேலைய விட்டுட்டு வந்துடும்மா. ஊர்க் கம்பெனிய எல்லாம் பார்க்கிறே, நம்ம கம்பெனிய யாரு பார்ப்பா?" என்று தலைவர் உருகினார்.

"எனக்கு ஓட்டு உண்டா மாமா?"

"ஓட்டு என்னம்மா பெரிய ஓட்டு? நாற்காலியே உனக்குத்தான்."

அவள் கணவன் அதே கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்தான். "நல்லா யோசிச்சுக்கோ. அப்பா கம்பெனியில ஒரு ஜன்னலைத் திறக்கிறதுக்கே நான் அனுமதி கேட்கணும்" என்றான். அவள் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷ வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தாள். போனவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்த வங்கிக்கு இல்லை. இந்தக் கம்பெனியை உருப்படியாக்கிக் காட்டினால்தான் அவளுக்கு இனிப் பிழைப்பு.

முதல் கூட்டத்துக்கு நிறையப் படித்துவிட்டு வந்தாள். "மூலப்பொருள் வாங்கறதுல ஒரு சந்தேகம் இருக்கு" என்று ஆரம்பித்தாள். தலைவர் எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். வரிசையாக வெளியே போனார்கள். மருமகள் பிஸ்கட் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"மூலப்பொருள் விஷயம் முடிஞ்சுதும்மா" என்றார் தலைவர்.

"எப்போ?"

"இப்பத்தான்."

"நான் அங்க இல்லையே மாமா."

அதிகாரி கனிவோடு விளக்கினார். "நீங்க கூட்டத்துலதாம்மா இருந்தீங்க. பதிவாயிருக்கு. நாங்கதான் கூட்டத்துல இல்ல."

அந்த வருஷம் எங்கள் போட்டிக் கம்பெனியின் மெத்தைகளில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டது. அங்கே வாங்கியவர்களெல்லாம் சொறிந்துகொண்டே எங்கள் கடைகளுக்கு ஓடிவந்தார்கள். லாபம் கொட்டியது. ஆலோசகர் வந்து புதுப் படம் போட்டார். மருமகள் வந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அங்கிருந்து கோடு ஜிவ்வென்று ஏறியிருந்தது.

"மாமா, இது மூட்டைப்பூச்சியால வந்த லாபம்" என்றாள் மருமகள்.

தலைவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "உன்னை நீயே குறைச்சுச் சொல்லிக்காதம்மா" என்றார்.

எத்தனை கூட்டத்துக்குத்தான் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? முடிவெடுக்கும் இடத்தில் நான் இல்லை என்று மருமகள் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினாள். மேலிடம் தூங்கவில்லை. ஓர் ஆய்வாளர் வந்தார். அக்குளில் ஒரு சட்டப் புத்தகம், பையில் அளவு நாடா. எல்லாரையும் விசாரித்தார். கூட்ட அறையைப் பார்த்தார். இந்த அறையில் எந்த முடிவும் எடுக்கப்பட்டதற்கான தடயம் இல்லை என்று கண்டுபிடித்தார். பிறகு கழிவறைக்குள் போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"புகார் நியாயமானது" என்றார். "முடிவெடுக்கும் இடத்துல பெண் இயக்குநர் இருக்கணும்னு விதி சொல்லுது. முடிவெடுக்கும் இடம் இதுதான். ஆகவே அவங்க இங்கதான் இருக்கணும்."

மருமகள் பதறிக் குறுக்கிட்டாள். "சார், முடிவை அந்த அறையில எடுக்கச் சொல்லுங்க சார்."

"அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஒரு கம்பெனி எங்க முடிவெடுக்கும்கிறது அதோட சொந்த விஷயம். நாற்காலிய இடம் மாத்தச் சொல்றதுக்கு மட்டும்தான் எனக்கு அதிகாரம்."

"ஆம்பளைங்க கழிவறைக்குள்ள நான் எப்படி சார் உட்கார முடியும்?"

"உள்ள போகக் கூடாது. அது வேற விதி." ஆய்வாளர் யோசித்தார். இரண்டு விதிகளையும் புண்படுத்தாமல் ஒரு வழி காண வேண்டுமே. கதவுக்கு மேலே காற்றுப் போக ஒரு சின்னக் கம்பிவலை இருந்தது. ஆய்வாளர் மறுபடியும் உள்ளே போனார். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. "கேட்குதாம்மா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "கேட்குது" என்றாள் மருமகள், வேறு என்ன சொல்வாள். அவ்வளவுதான். இயக்குநர் நாற்காலி கழிவறை வாசலுக்கு வந்துவிட்டது. இனி அவள் அங்கே உட்காரவில்லை என்றால் கூட்டத்துக்கு வராதவள் என்று கணக்காகும், பதவி போய்விடும்.

மருமகளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். அடுத்த கூட்டத்தில் மைத்துனருடைய ஒப்பந்தம் வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

மைத்துனர் ஒரு குடோன் வைத்திருந்தார். குப்பைக்குப் போகும் பழைய மெத்தை, கிழிந்த பஸ் சீட்டு, ஆஸ்பத்திரி கழித்துக் கட்டிய படுக்கை என்று எங்கெங்கோ கிடந்த ஸ்பாஞ்சையெல்லாம் வாங்கி, துருவிக் கொட்டி வைத்திருந்தார். அதைக் கம்பெனி வாங்கி, புதுத் துணி தைத்து, உள்ளே அடைத்து விற்க வேண்டும். செலவு பாதியாகக் குறையும். மருமகள் அந்தக் குடோனைப் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வரும்போது இரண்டு கையும் தடித்துச் சிவந்திருந்தன.

கூட்டத்தன்று ஆண்கள் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. மருமகள் நாற்காலிமேல் ஏறி நின்று கம்பிவலைக்கு வாயைக் கொடுத்தாள்.

"மாமா! அந்த ஸ்பாஞ்சு முழுக்க மூட்டைப்பூச்சி! போட்டிக் கம்பெனி கெட்டதே இந்தக் குடோன் சரக்காலதான்! நம்ம பேரும் போயிடும்! நான் ஒத்துக்க மாட்டேன்!"

உள்ளே மைத்துனர் கை உலர்த்தும் மெஷினைத் தட்டிவிட்டார். அது ஹோவென்று அலறியது.

"மருமக ஏதோ சொல்றாளே?" என்றார் தலைவர்.

"ஸ்பாஞ்சைப் பத்திதான் அத்தான் சொல்றாங்க. ரொம்ப ஆர்வமா இருக்காங்க."

"ஆர்வமா இருக்கணும். அப்பத்தான் லாபம் ஏறும்" என்றார் தலைவர் பெருமையாக.

என் சகலை எழுதினார்: 'பெண் இயக்குநரின் மேலான கருத்து கதவின் வழியாகப் பெறப்பட்டு, நன்றியுடன் பரிசீலிக்கப்பட்டு, ஒப்பந்தம் நிறைவேற்றப்பட்டது.'

செலவு பாதியானதும் லாபம் இன்னும் எகிறியது. ஆலோசகருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி கூட்ட அறையில் இருந்தபோது இவ்வளவு லாபம், கதவருகே வந்ததும் இவ்வளவு லாபம் என்று இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். கழிவறைக் கதவுக்கும் பெண் இயக்குநரின் நாற்காலிக்கும் இடையே உள்ள தூரம் குறையக் குறைய லாபம் கூடும் என்பது தெளிவாகிவிட்டது. கம்பெனிக்கு 'மகளிர் பங்கேற்பு முன்னோடி' என்று ஒரு விருது கொடுத்தார்கள். அதைத் தலைவர் வாங்கினார். மருமகளுக்கு மேடையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், பழக்க தோஷத்தில் ஓரமாக, கதவுப் பக்கம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஊரில் உள்ள கம்பெனியெல்லாம் கழிவறை வாசலில் நாற்காலி போட ஆரம்பித்தன. கட்டடக்காரர்கள் அந்த இடத்துக்குப் 'பங்கேற்புத் தாழ்வாரம்' என்று பெயர் வைத்து, சதுர அடிக்குத் தனி ரேட் போட்டார்கள். சில இடங்களில் பூந்தொட்டியும் மெல்லிய வாத்திய இசையும் உண்டு. காலங்காலமாகக் கூட்ட அறையில் ஒழுங்காக உட்கார்ந்து முடிவெடுத்து வந்த ஒரு பழைய கம்பெனி, நாம் மட்டும் பின்தங்கிவிடக் கூடாது என்று இயக்குநர் குழுவைக் கழிவறைக்குக் குடிமாற்றியது. அந்தக் குழுவில் ஒரு பெண் ஏற்கனவே மற்றவர்களுக்குச் சமமாக மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாளாம். அவளையும் எழுப்பி வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மெத்தைகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒன்று இரண்டு, பிறகு லாரி லாரியாக. கடைக்காரர்கள் ஆலையின் வாசலில் இறக்கிப் போட்டுவிட்டுப் பணத்தைக் கேட்டார்கள். காவலாளி அவற்றின் பக்கத்தில் நிற்க மறுத்தான். சம்பளம் நின்றுவிடுமோ என்று தொழிலாளர்கள் கும்பல் கும்பலாக நின்று பேசினார்கள். தலைவருக்குச் சர்க்கரை ஏறியது. குழு அவசரமாகக் கழிவறையில் கூடியது.

"மருமகளைத் தலைவராக்கிடுங்க அத்தான்" என்றார் மைத்துனர். "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம். கஷ்ட காலத்துல ஒரு பொம்பளைகிட்ட பொறுப்பைக் கொடுத்தாங்கன்னு நாலு பேர் நல்லவிதமா பேசுவாங்க."

"கம்பெனி கவுந்துட்டா?"

"அதத்தான் நானும் சொல்றேன். கவிழும்போது அவங்க உட்கார்ந்திருப்பாங்க."

வெளியே நாற்காலியில் இருந்த மருமகள் இதை முழுக்கக் கேட்டாள். இந்த ஒரு நாள் மைத்துனர் கை உலர்த்தவில்லை. இருந்தும் அவள் மறுக்கவில்லை. பதவி கைக்கு வந்தால் ஸ்பாஞ்சை நிறுத்திவிடலாம், ஆலையைக் காப்பாற்றிவிடலாம் என்று பாவம், நம்பினாள். தலைவராகவும் ஆனாள். ஆனால் ஒப்பந்தம் எல்லா இயக்குநர்களின் சம்மதத்தோடும் கையெழுத்தானது, என் சகலையின் குறிப்புப்படி அதில் அவள் சம்மதமும் சேர்த்தி. அதை ரத்து செய்யப் பங்குதாரர்களால் மட்டுமே முடியும் என்று அதிகாரி விதியை எடுத்துக் காட்டினார். சரி, அவர்களிடமே போகிறேன் என்று பொதுக்கூட்டத்தைக் கூட்டினாள்.

எங்களிடம் வந்தாள். பெரிய மண்டபம். ஏற்பாடெல்லாம் மைத்துனருடையது. நாற்காலிக்கு நாற்காலி புதுசாக மெத்தென்று திண்டு போட்டிருந்தார். உட்கார்ந்ததுமே ஆஹா என்றிருந்தது.

மருமகள் மேடையில் பேசினாள். "உங்ககிட்ட மறைக்க எனக்கு ஒண்ணும் இல்ல. நாம பூச்சி பிடிச்ச பழைய ஸ்பாஞ்சை அடைச்சு வித்திருக்கோம். வித்ததையெல்லாம் திரும்ப வாங்கி எரிக்கணும். இந்த ஒப்பந்தத்தை ரத்து பண்ணணும். இந்த வருஷமும் அடுத்த வருஷமும் உங்களுக்கு லாபப் பங்கு தர முடியாது. பொறுத்துக்கிட்டீங்கன்னா கம்பெனி பிழைச்சுக்கும், அத்தனை பேர் வேலையும் நிலைக்கும். இல்லைன்னா அடுத்த வருஷம் இந்தக் கூட்டமே நடக்காது."

நான் போன பொதுக்கூட்டங்களில் அந்த மேடையிலிருந்து கேட்ட முதல் உண்மை அது. உடம்பு சிலிர்த்தது. இந்தப் பெண்ணுக்காக எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்று தோன்றியது. முன்வரிசை தட்டட்டும் என்று காத்திருந்தேன்.

முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தாள். "இத்தனை நாள் ஆம்பளைங்க இருந்தாங்க, லாபம் வந்துச்சு. இவங்க வந்தாங்க, போச்சு. பொம்பளைங்ககிட்ட கொடுத்தா இப்படித்தான். நானும் பொம்பளைதான், எனக்குத் தெரியாதா?"

மண்டபம் அதிரக் கைதட்டல். ஆலோசகர் சும்மா இருப்பாரா? விறுவிறுவென்று மேடையேறிப் படத்தைப் போட்டார். பெண்கள் தலைமையேற்ற கம்பெனிகள் சரிகின்றன என்று புது ஆராய்ச்சி வந்திருக்கிறதாம். அதே கோடுதான், இந்தத் தடவை தலைகீழாக இருந்தது.

மைத்துனர் மைக்கைப் பிடித்தார். "பெரியவங்களே, எனக்குப் பேசத் தெரியாது. அத்தான் திரும்பத் தலைவரா வரட்டும். ஒப்பந்தம் இருக்கட்டும். உங்களை எல்லாம் வெறுங்கையோட அனுப்ப எனக்கு மனசு வரல. ஆளுக்கு ஒரு தலையணை கொண்டுவந்திருக்கேன். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

தலையணைக்குள்ளே என்ன இருக்கிறது என்று மண்டபத்தில் ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. ஆனால் அதற்குள் திண்டுகள் தங்கள் வேலையைத் தொடங்கியிருந்தன. முன்வரிசை அம்மாள் முதுகைத் தேய்த்தாள். அவளுக்கு அடுத்தவர் தொடையைச் சொறிந்தார். வரிசை வரிசையாக ஜனங்கள் நெளிந்தார்கள். நெளிந்துகொண்டே கை தூக்கினார்கள். மருமகள் மேடையில் நின்றபடி எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் சகலை வரிசை வரிசையாகக் கைகளை எண்ணிக்கொண்டு என்னிடம் வந்து நின்றார். என் கை மேலேதான் இருந்தது. பிடரியில் ஏதோ சுரீரென்று கடித்திருந்தது.

"சகலை, இது ஓட்டா, அரிப்பா?" என்று காதோடு கேட்டார்.

"தலையணை எந்தக் கணக்குல கொடுக்கிறாங்க?"

"ஓட்டுக் கணக்குல."

"அப்ப ஓட்டுன்னே எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கையால் சொறிந்துகொண்டேன்.